கண்டி மலைப் பிரதேசத்தில் புவியீர்ப்பு முறையும் காந்த முறையும்: ஒரு வரலாற்று ஆய்வு

பாறையைத் துளையிடாமலும் பிளக்காமலும், அதன் பாரத்தையும் காந்தத் தன்மையையும் நிலத்தின் மேலிருந்தே அளந்து, அவ்வளவீடுகளினின்று மலையின் உள்ளமைப்பை அனுமானிக்கும் வித்தைகளாகிய புவியீர்ப்பு முறையும் காந்த முறையும் கண்டி மாநகரத்தைச் சூழ்ந்த மலைநாட்டில் எவ்வாறு வந்து, எவ்வாறு நிலைபெற்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரு முறைகளின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் சரித்திரத்தையே எழுதிச் செல்வர். கண்டிப் பிரதேசத்தை நோக்கும்போது அந்த வழி போதாதென்று தோன்றுகிறது. ஏனெனில் இங்கே கருவியும் படமும் முன்னே வந்தன, அவற்றை வைத்து வாதம் செய்வதற்குரிய அறிஞர் கூட்டம் பின்னே வந்தது, அக்கூட்டம் வந்த பின்னரே அளவீடு மலையைப் பற்றிய அறிவாக மாறிற்று என்பதே என் அபிப்பிராயம்.

உலக நிலையைச் சிறிது நோக்குவோம். ஹங்கேரி நாட்டுப் பேரறிஞர் எத்வேஷ் அமைத்த முறுக்குத் தராசினைக் கொண்டு 1924ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாகாணத்தில் நாஷ் என்னும் உப்புக் குவிமாடம் கண்டறியப்பட்ட நாள்முதல், எண்ணெய்க் கம்பெனிகளின் செல்வம் புவியீர்ப்பு முறையை வளர்த்தது. செயற்கை அதிர்வலைகளைப் பூமிக்குள் செலுத்தி அவற்றின் எதிரொலியைப் பதியும் முறை செம்மையுற்றதும் அச்செல்வம் அங்கே திரும்பிவிட, ஈர்ப்பும் காந்தமும் துணை முறைகள் என்னும் நிலைக்கு இறங்கின. நிலத்தடி வளந்தேடும் புவிப்பௌதிகவியலாளர் 1930ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரில் நிறுவிய சங்கத்தினுள்ளே இவ்விரு முறைகளுக்கென்றே தனிக் குழு ஒன்று இயங்கி வருவதும், அச்சங்கத்தின் 75ஆம் ஆண்டு நிறைவாகிய 2005இல் மிசாக் நபிகியான் முதலியோர் இரு முறைகளின் வளர்ச்சியையும் தனித்தனியே இரு நெடுங்கட்டுரைகளாக வரைந்து வெளியிட்டதும், ஒதுக்கப்பட்டவை மறக்கப்படாமலிருக்கத் தொழிலறிஞர் எடுத்துக்கொண்ட சிரமத்துக்குச் சான்றுகளாம். எண்ணெயும் இல்லாத, பெருங் கம்பெனியும் இல்லாத இலங்கையின் மலைநாட்டில் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டவர் யார் என்பது நம்முடைய வினா.

அதற்கு விடை காணுமுன் மலைநாடு முன்வைத்த பிரச்சினையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும், பிற்காலத்தில் கீழைத்தேயக் கலைகளின் வியாக்கியானியாக உலகறிந்தவருமாகிய ஆனந்த குமாரசுவாமி, கலைக்கு வருமுன் கல்லைப் பயின்றவர். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி 1900ஆம் ஆண்டிலும், படிகச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றி 1902ஆம் ஆண்டிலும் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய அவர், 1903இல் இலங்கைக் கனியவியல் அளவையின் முதற் பணிப்பாளரானார். மலைநாட்டின் படிகச் சுண்ணாம்புக்கற் பட்டிகளை அவர் அன்று கற்றுணர்ந்த விதத்தில் கண்ணும் சுத்தியலும் நுணுக்குக்காட்டியுமே கருவிகளாயிருந்தன; எனினும், நூறாண்டுக்குப் பின்னரும் ஈர்ப்பளவைக்காரன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, அதாவது இந்தக் கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, அவருடைய கட்டுரைகளிலேயே இடம்பெற்றுவிட்டது.

அவருக்குப் பின்வந்தோர் மலையின் உயரத்தையே வினாவாக்கினர். தீவின் நிலம் மூன்று படிகளாக உயர்வதையும், கண்டி மேட்டுநிலம் அவற்றுள் நடுப்படியைச் சேர்ந்திருப்பதையும் கண்ட கனடிய அறிஞர் எப். டி. அடம்ஸ், 1929இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை நெடுங்கால அரிப்பினால் அமைந்த சமநிலங்களென்று கொண்டார். 1938 தொடக்கம் இலங்கை அரசின் கனியவியலாளராகக் கடமையாற்றிய இந்திய அறிஞர் டி. என். வாடியாவோ, நிலம் பாளம் பாளமாகப் பிளந்து உயர்ந்ததன் விளைவே அப்படிகள் என்று வாதித்தார். பேராதனையில் புவிச்சரிதவியல் கற்பித்த பி. டபிள்யூ. விதானகே 1972இல் மொன்றியல் நகரிற் கூடிய சர்வதேச மாநாட்டுக்கு அளித்த கட்டுரையில் பிற்கால மேலுயர்ச்சிகளைப் பற்றிய விவாதத்தைப் புதுப்பித்தார். மலையின் மேல்வடிவத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்விவகாரம் தீர வழியில்லை. மலைக்கு அடியில் வேர் உண்டா, இல்லையா என்று கேட்டால்தான் அது ஒரு படி நகரும்.

மலைக்கு வேர் உண்டென்னும் கருத்து பாரத பூமியின் அளவீடுகளினின்றே உதித்தது. இமயமலையின் பெரும் பாரம் அளவையாளரின் தூக்குநூலைத் தன்பால் இழுக்கவேண்டிய அளவுக்கு இழுக்காதிருந்ததைக் கல்கத்தாவின் பிரதான குருவாகிய பிராட் 1855இல் கணித்துக் காட்ட, அதே ஆண்டில் வானியலாளர் ஏரி, பாரமிக்க மலை இலேசான வேரொன்றின் மேல் மிதந்துகொண்டிருக்கிறதென விளக்கினார். அதன் பின் ஊசல்களைச் சுமந்துகொண்டு இந்தியாவெங்கும் திரிந்த பசேவி, மினிக்கோய்த் தீவில் ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிட மிகுந்திருப்பதைக் கண்டார். இக்கொள்கையைக் கண்டி மலைக்குப் பொருத்திப் பார்த்தால், சராசரியாக 1 கிலோமீற்றர் உயர்ந்து நிற்கும் நிலத்தைத் தாங்குவதற்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தடிப்புள்ள வேர் வேண்டியிருக்குமென்று, புவியோட்டுக்கும் அதன் கீழுள்ள மூடிக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாட்டினின்று எவரும் காகிதத்திற் கணித்துவிடலாம். அந்த வேரைக் காண்பதோ காகிதத்தில் நிகழ்வதன்று.

இதற்கிடையில் தீவுக்கு வந்து சேர்ந்தது ஈர்ப்புமானி அன்று, காந்தமானி. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக இரண்டாம் உலக யுத்த காலத்திற் செம்மைப்படுத்தப்பட்ட இக்கருவி, யுத்தம் முடிந்ததும் கனியங்களைத் தேடும் விமானங்களில் ஏறிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் 1950களின் பிற்பகுதியில் இலங்கையின் பல பகுதிகளுக்கு மேலாக வான்வழிக் காந்த அளவீடு நடத்தப்பட்டது. சிலாபத்துக்கு அண்மையில், மண்மூடிக் கிடந்த பனிரெண்டாவைக் காந்த இரும்புத் தாது வெளிப்பட்டது இவ்வழியில்தான். அரசாங்கம் தாதுவைக் கேட்டது. விமானம் தாதுவைக் காட்டியது. ஒப்பந்தம் அத்துடன் நிறைவேறியது. அப்படங்களில் மலைநாட்டின் கட்டமைப்பைப் பற்றிய செய்தியும் அடங்கியிருக்கக்கூடுமென்று கேட்பது ஒப்பந்தக்காரரின் கடமையன்று. அவரை அதற்காகக் குறைகூறவும் இயலாது.

மலைநாட்டில் காந்தப் படத்தை வாசிப்பதற்கும் ஒரு தடை உண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். வடதுருவத்துக்கு அண்மையில் காந்த ஊசி ஏறக்குறையச் செங்குத்தாகத் தாழ்ந்து நிற்கும். ஆகையால் காந்தப் பாறை புதைந்திருக்கும் இடத்தின் நேர்மேலே காந்தப் புலம் உயர்ந்து காணும். கனடாவிலும் சுவீடனிலும் பயின்ற ஆய்வாளனின் கண் இதற்கே பழகியது. காந்த மத்தியகோடோ தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் அண்மையில் செல்கிறது. கண்டியில் ஊசி கிடையான நிலையினின்றும் ஒருசில பாகைகளே சாய்ந்திருக்கும். புலத்தின் மொத்தச் செறிவும் ஏறக்குறைய 40,000 நனோதெஸ்லா அளவினதே. இங்கே பாறை கிடையாகவே காந்தமேறுவதால், அதன் நேர்மேலே புலம் உயராமல் தாழ்ந்து விடுகிறது. உயர்வைத் தேடிப் பழகிய கண் தாழ்வைக் கடந்து போய்விடும்.

இதனினும் சூக்குமமான இடையூறு ஒன்றுண்டு. மத்தியகோட்டை அண்டிய நிலத்தில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு காந்தப் பட்டி தன் இரு முனைகளில் மாத்திரமே தன்னை வெளிப்படுத்தும். அதன் நீண்ட பக்கங்கள் அளவையில் ஏறக்குறைய ஊமையாகிவிடும். கிழக்கு மேற்காகக் கிடக்கும் பட்டிக்கு இத்துன்பமில்லை. கண்டிப் பிரதேசத்தின் சார்னோக்கைற்று, கொண்டலைற்று, படிகச் சுண்ணாம்புக்கல் என்னும் பட்டிகள் பெரும்பாலும் வடக்கு வடமேற்காகவே ஓடுகின்றன என்பதை நினைவிற் கொண்டால், இயற்கை இந்த மலையைக் காந்தமானிக்கு எவ்வளவு பாதகமான திசையில் கிடத்தியிருக்கிறதென்பது புலனாகும்.   படத்தைத் துருவத்தில் அளந்ததுபோலக் கணிதத்தால் மாற்றியமைக்கும் வழக்கமான உபாயம் மத்தியகோட்டண்டையில் தடுமாறி, இல்லாத கோடுகளை எழுப்பிவிடும். காந்தச் சாய்வைச் சாராத ஒரு கணிப்பை நபிகியான் 1972இல் வகுத்தளித்த பின்னரே வெப்பவலயத்து ஆய்வாளருக்கு ஆறுதல் பிறந்தது. அதுவரை கனடாவுக்குப் பொருந்திய வாசிப்பை மலைநாட்டுக்கும் பொருத்தியவர் தவறிழைத்ததற்குக் காரணம் அவருடைய அசிரத்தையன்று, பயின்ற சம்பிரதாயமே.

நாள்தோறும் நிகழும் காந்த மாறுதலையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். காந்த மத்தியகோட்டின் மேல், வானத்தில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு வலிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதனால் நண்பகலை ஒட்டிக் காந்தப் புலம் சில நாட்களில் 100 நனோதெஸ்லாவுக்கும் மேலாக உயர்ந்து இறங்கும். தென்பாண்டி நாட்டில் திருநெல்வேலிக்கு அருகே காந்த ஆய்வகம் அமைக்கப்பட்டதற்கும் இந்த ஓட்டமே காரணம். பாறையின் சுவடு 50 நனோதெஸ்லாவாகவும் வானத்தின் சுவடு அதனிலும் பெரிதாகவும் இருக்கும் இடத்தில், ஒரு கருவியை ஓரிடத்தில் அசையாமல் வைத்து நாள் முழுதும் பதியவிட்டு, மற்றொன்றை ஏந்திச் செல்லாதவனுடைய படம் மலையைக் காட்டாது. அவன் நடந்த நேரத்தைத்தான் காட்டும்.

ஈர்ப்பு முறை தீவு முழுவதற்கும் ஒரு படமாக உருப்பெற்றது 1975ஆம் ஆண்டில். நியூசிலாந்துப் புவிப்பௌதிகவியலாளர் திரெவர் ஹாதர்டன், பட்டியாராச்சி, ரணசிங்க ஆகிய மூவரும் 1:10,00,000 அளவுத்திட்டத்தில் ஆக்கிய இலங்கைப் புவியீர்ப்புப் படத்தைப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் வெளியிட்டது. தீவின் தெற்கே இந்து சமுத்திரத்தில் பூமியின் சமவீர்ப்புப் பரப்பு ஏறக்குறைய 106 மீற்றர் தாழ்ந்து, உலகிலேயே மிகப் பெரிய பள்ளமாக விளங்குவதால், இலங்கையின் ஈர்ப்பை அளப்பது உலக அறிஞருக்கும் ஆர்வமூட்டும் விஷயமாயிற்று.

எனினும் மலைநாட்டில் ஈர்ப்பை அளப்பது எளிய காரியமன்று. உயரம் 1 மீற்றர் கூடினால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறையும். இடையிலுள்ள கல்லின் பாரத்தைக் கணக்கிட்டால் நிகரக் குறைவு ஏறக்குறைய 0.2 மில்லிகால் ஆகும். கண்டியினின்று பீதுருதாலகாலையின் 2,524 மீற்றர் சிகரத்துக்கு ஏறுவோன், உயரம் என்னும் ஒரே காரணத்தினால் 600 மில்லிகாலுக்கும் மேற்பட்ட மாறுதலைச் சந்திப்பான். அவன் தேடிச் செல்லும் பாறைச் சுவடோ ஒருசில மில்லிகாலே. ஆகவே ஈர்ப்பளவை என்பது முதலில் மட்ட அளவையாகிறது. உயரம் திட்டமாக அறியப்பட்ட பெருந்தெருக்களையும் இருப்புப்பாதையையும் விட்டு விலகி ஈர்ப்புமானி மலைமேல் ஏறுவது அரிதாகிறது. இது போதாதென்று, அருகில் நிற்கும் குன்று மேலிருந்து இழுத்து ஈர்ப்பைக் குறைக்கும். அருகிலுள்ள பள்ளமோ, அங்கே இருக்கவேண்டிய கல் இல்லாமையினால், அதுவும் குறைக்கும். இரண்டையும் திருத்துவதற்குச் சிக்மண்ட் ஹாமர் 1939இல் வகுத்த முறைப்படி, நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய 22 கிலோமீற்றர் வரை வட்டங்களும் அறைகளும் வரைந்து, ஒவ்வோர் அறையின் சராசரி உயரத்தையும் நிலப்படத்தில் வாசித்துக் கூட்டவேண்டும். கண்டி நகரத்தை மையமாகக் கொண்டு அவ்வட்டத்தை வரைந்தால் ஹந்தானை மலையும், கடுகண்ணாவைச் செங்குத்துச் சரிவும், நக்கிள்ஸ் தொடரின் மேற்குச் சரிவுகளும், மகாவலிப் பள்ளத்தாக்கும் ஒருங்கே அதனுள் அடங்கிவிடும். கணினி வருமுன் ஒரு நிலையத்துக்கு இதனைக் கையாற் செய்து முடித்தவரின் பொறுமை, இன்று ஒரு விசையை அழுத்திப் பெறும் நம்மால் அளவிடத்தக்கதன்று.

இவ்வாறு கிடைத்த படங்களிடம் கேட்கவேண்டிய வினாக்கள் பேராதனையிலிருந்து எழுந்தன என்பதே என் துணிபு. 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்து, காலக்கிரமத்தில் புவிச்சரிதவியல் அங்கே ஒரு துறையாக வேரூன்றிய பின், மலையைக் கற்பவன் மலையிலேயே வாழும் நிலை ஏற்பட்டது. அளவைத் திணைக்களத்தில் பணியாற்றிய பி. ஜி. குரே கண்டி மாவட்டத்து ரங்கலைப் பிரதேசத்தைக் கால்நடையாக ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட விரிவுரை நூலும், 1967இல் அவர் எழுதிய இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூலும் ஒரு தலைமுறையின் பாடநூல்களாயின. இலங்கைப் புவிச்சரிதவியற் சங்கம் 1983இல் நிறுவப்பட்டுப் பேராதனையை மையமாகக் கொண்டு இயங்கலாயிற்று; ஆண்டுக் கூட்டங்களில் ஆய்வுகள் வாசிக்கப்பட்டன, சஞ்சிகை வெளிவந்தது, சிறந்த பணியாளருக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயரால் பதக்கம் வழங்கப்பட்டது. கலை வியாக்கியானியாகவே நாம் கொண்டாடும் ஒருவரைப் புவிச்சரிதவியலாளர் தம் முன்னோராக உரிமை கோரியது பொருத்தமே. ஹூஸ்டன் சங்கத்திலிருந்ததுபோல ஈர்ப்புக்கும் காந்தத்துக்கும் தனிக் குழு அமைக்கத்தக்க ஆட்பலம் இங்கே இருந்ததில்லை. பாறையைப் பயில்வோனும், இரசாயனம் பயில்வோனும், காந்தம் பயில்வோனும் ஒரே மண்டபத்தில் ஒருவர் கட்டுரையை ஒருவர் கேட்டு மறுத்தனர். சிறுமையினால் நேர்ந்த அந்த ஒருமிப்பு, பெருஞ் சங்கங்களின் தனிக்குழுக்களுக்கு எளிதில் வாய்க்காத ஓர் அனுகூலம் என்று நான் கருதுகிறேன்.

அதன் பயன் 1980களின் இறுதியிலே தெரிந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து அறிஞரோடும் யப்பானிய அறிஞரோடும் கூடி உழைத்த காலம் அது. மிலிசெண்டா முதலியோர் 1988இல் சமதானிகளின் சான்றைக் கொண்டு தீவின் ஓட்டினை வேறுவேறு வயதுடைய பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். அதனையொட்டி 1991இல் குரோனர், குரே, விதானகே மூவரும் வன்னி, கடுகண்ணாவை, மேட்டுநிலம், விஜயன் என்னும் நான்கு தொகுதிகளை வகுத்தனர். கண்டி நகரத்தின் மேற்கு வாயிலிலுள்ள கடுகண்ணாவை ஒரு தொகுதிக்கே பெயராயிற்று. யோஷிதா, புனாக்கி என்போருடன் விதானகே பாறைகளிற் பதிந்த பண்டைக் காந்தத்தை ஆராய்ந்து, இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவும் ஒட்டியிருந்த நிலையை 1992இல் எழுதினார். இப்பொழுது ஈர்ப்புப் படத்தையும் காந்தப் படத்தையும் கையிலெடுப்பவன் தாதுவைத் தேடுவதோடு அமையான். இரண்டு தொகுதிகள் சந்திக்கும் எல்லை எங்கே, அது எந்தப் பக்கம் சாய்ந்து எவ்வளவு ஆழம் செல்கிறது என்று கேட்பான். படம் மாறவில்லை; படத்தினிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

மலையின் வேரைப் பற்றிய பழைய வழக்குக்கும் ஒருவாறு சாட்சியம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் கண்டிக்கருகே பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த பூகம்பமானி நிறுவப்பட்டது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞரும் இலங்கையரும் தீவெங்கும் 30 தற்காலிக நிலையங்களை வைத்துப் பதிந்தனர். அவற்றினின்று 2020இல் வெளியான முடிவின்படி, புவியோட்டின் தடிப்பு 30 முதல் 40 கிலோமீற்றர் வரை மாறுபட்டு, மத்திய மேட்டுநிலத் தொகுதியின் கீழே 38 முதல் 40 கிலோமீற்றராக மிகுந்திருக்கிறது. ஏரியின் கொள்கைப்படி காகிதத்திற் கணித்த வேருக்கு இது ஒவ்வாததன்று. ஆயினும், இந்தத் தடிப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மலையாக்கத்தின் எச்சமா, இன்றைய உயரத்துக்கு அதுவே காரணமா என்பதை ஓட்டின் தடிப்பு ஒன்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அடம்சும் வாடியாவும் இருவருமே இச்சாட்சியைத் தத்தம் பக்கத்துக்கு அழைத்திருப்பர். வெவ்வேறு உள்ளமைப்புகள் ஒரே ஈர்ப்பைத் தரக்கூடும் என்பது இம்முறையின் பிறவிக்குணம். ஆகவே பூகம்ப அலையின் சாட்சியத்தோடு சேர்த்துத்தான் 1975ஆம் ஆண்டுப் படத்தை மீண்டும் வாசிக்கவேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் வேரைப் பற்றிய வினாவினும் மேற்பரப்பைப் பற்றிய வினாவே மக்களுக்கு அவசரமாயிற்று. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலும் அதனைத் தொடர்ந்த மாதங்களிலும் திகனை, ஹாரகமப் பக்கங்களில் நிலம் சிறிதாக அதிர்ந்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு அயலில் இருப்பதால் ஊரார் அஞ்சினர். நீர்த்தேக்கத்தின் பாரமா, சுண்ணாம்புக்கல் அகழ்வா, இயல்பான பிளவா என்று பலவாறு பேசப்பட்டது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் விசாரணையில் இறங்கியது. குமாரசுவாமி 1902இல் எழுதிய படிகச் சுண்ணாம்புக்கல்லின் இனமே இங்கும் மையப் பாத்திரம். அக்கல் நீரிற் கரைந்து குகைகளை உண்டாக்கவல்லது. குகையோ கண்ணுக்குத் தெரியாது.

நுண்ணீர்ப்பு முறை இத்தகைய இடத்தில் என்ன செய்யக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. 5 மீற்றர் ஆரையுள்ள வெற்றுக் குகை ஒன்று, அதன் மையம் 10 மீற்றர் ஆழத்திலிருக்க, சுண்ணாம்புக்கல்லினுள்ளே இருப்பதாகக் கொள்வோம். அதன் நேர்மேலே ஈர்ப்பு ஏறக்குறைய 0.09 மில்லிகால் குறையும். இன்றைய ஈர்ப்புமானி இதனைச் சிரமமின்றி உணரும். ஆனால் நிலையத்தின் உயரத்தை அரை மீற்றர் பிழையாகக் கொண்டால் அந்தப் பிழையே குகையளவு பெரிதாகிவிடும். குகையினுள் நீர் நிறைந்திருந்தால் சுவடு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்; 20 மீற்றர் ஆழத்துக்கு இறங்கினால் நாலில் ஒன்றாகும். ஆகையால் திகனைச் சரிவுகளில் இம்முறையைப் பிரயோகிக்க விரும்புவோர், ஈர்ப்புமானியை எடுத்துச் செல்லுமுன் ஒவ்வொரு முளைக்கும் சில சென்ரிமீற்றர்த் திட்டத்துக்கு மட்டம் எடுத்து, அயலிலுள்ள மேடுபள்ளங்களையும் கட்டிடங்களையும் அகழ்குழிகளையும் புதிதாக அளந்து, நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தை அளவை நாள்தோறும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் அந்நீரின் பாரமும் ஏறி இறங்கும்போது தன் பங்குக்கு ஈர்ப்பைச் சிறிது மாற்றும்.